கொள்ளிடத்தில் உப்பு உண்டோ

“அம்மா மாலினி, கேக்கறேனேன்னு தப்பா நினைச்சுக்காதே. கொள்ளிடத்து ஜலத்துல உப்பு உண்டோ?”

மாமனார் ஸ்ரீனிவாசராகவன் ஃபோனில் இப்படிக் கேட்டபோது மாலினி தயிர்சாத டப்பாவைத் திறந்து முதல் வாய்தான் வைத்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து, பல் விழுந்து, பல் கட்டிக்கொண்டவர் அவர். கொள்ளிடத்தில் உப்பு உண்டா என்று அவர் அவளைக் கேட்பதாவது! ஏதோ விளையாட்டு என்று நினைத்து, “ஆத்துல உப்பு எங்கேருந்துப்பா வரும்?” என்று சிரித்தாள்.

மறுமுனையில் சிரிப்பு இல்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அதான் நானும் நினைச்சேன். தீர்த்தம் கரிச்சுது. ஒருவேளை என் நாக்குதான் கெட்டுப்போச்சோன்னு இன்னொரு உத்தரணி எடுத்துண்டு பார்த்தேன். அதுவும் கரிச்சுது.”

“எந்தத் தீர்த்தம்?”

“பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ணின தீர்த்தம்தான். நேத்திக்கு நீ கொல்லையில ஒரு வாளி வெச்சியே, அதுலேருந்து ஒரு சொம்பு எடுத்துண்டேன்.”

மாலினி டப்பாவைக் கீழே வைத்தாள்.

அந்த வாளியில் இருந்தது கொள்ளிடத்து ஜலம் மட்டும் இல்லை. கொள்ளிடம் போய்க் கடலில் விழுகிற இடத்துத் தண்ணீர். மேட்டூர் நிரம்பி வழிந்து, முக்கொம்பில் ஷட்டர்களைத் தூக்கிவிட்டு வாரக்கணக்காகிறது. கொள்ளிடம் கரையோடு கரையாகப் போய்க்கொண்டிருந்தது. ஊர் ஜனங்கள் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். மாலினி அதே தண்ணீரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாள். மக்கிய இலை, சருகு, வாழைத் தோட்டத்துக் கழிவு, வண்டல் என்று வழியில் கிடக்கிற அத்தனையையும் ஊறவைத்துக்கொண்டு, கடுந்தேநீர் நிறத்தில் அது கடலில் இறங்குகிறது. இறங்கின இடத்தில் கடல் இருண்டுபோகிறது. வெயில் என்னவோ அதே வெயில்தான், ஆனால் தண்ணீருக்குள்ளே போக அதற்கு வழியில்லை. வெளிச்சத்தை நம்பிப் பிழைக்கிற நல்ல பாசிகள் பட்டினி கிடக்கின்றன.

அந்தச் சமயம் பார்த்து வேறொரு கூட்டம் தலையெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசிதான் அதுவும். ஆனால் அதற்கு வால் உண்டு. வாலை ஆட்டி மேலே நீந்தி வந்து இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துத் தின்னும். பொல்லாத ஜன்மம்! அதில் சில வகைக்கு உடம்பெல்லாம் விஷம். சேற்றில் கிடக்கிற மட்டி என்கிற சிப்பி இந்தப் பாசியை வடிகட்டித் தின்று, விஷத்தைத் தன் சதையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. மட்டியைச் சாப்பிடுகிற மனுஷருக்குத்தான் நாக்கு மரத்து, கை கால் மரத்து, கடைசியில் மூச்சே நிற்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது.

தில்லை நகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்ப்பதுதான் மாலினியின் வேலை. கூட வேலை பார்த்த டோரதி, கொள்ளிடத்து முகத்துவாரத்தை ஒட்டிய மீனவக் கிராமத்துப் பெண். கல்யாணம் ஆகிப் பாலக்கரையில் குடியிருந்தாள். ஊரில் அவள் தம்பி படகில் போய், ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்குவான். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதை ஃபோனில் சொல்வான். நல்ல நாளில் ஆள் ஆழத்துக்குக் கீழேயும் பளிச்சென்று தெரிகிற தட்டு, இந்த ஆடியில் முழங்கால் ஆழத்துக்குள் காணாமல் போனது. அங்கேயே ஒரு பெயிண்ட் வாளி நிறையத் தண்ணீர் மொண்டு, மூடியை இறுக்கி, கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிடுவான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாலினி வாங்கிக்கொள்வாள்.

முந்தின நாள் பஸ் தாமதமாக வந்தது. ஆய்வுக்கூடத்தைப் பூட்டியாகிவிட்டது. சரி என்று வாளியை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கே கொண்டுபோய், கொல்லையில் கிணற்றடி நிழலில் இறக்கினாள். இது கடல் தண்ணீர் என்று மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளத்துக்கு முன்பெல்லாம் வாரா வாரம் அவள் கொள்ளிடக் கரையிலிருந்து இதே மாதிரி வாளியில் தண்ணீர் கொண்டு வருவது வழக்கம்தான். இதையும் அதுவென்றே அவர் எடுத்துக்கொண்டார்.

“அது கருப்பா, ஒரே கலங்கலா இருந்ததேப்பா. அதைப் போய் எப்படித் திருமஞ்சனத்துக்கு…”

“கலங்கலாத்தான் இருந்தது. நான்தான் படிகாரம் போட்டேன்.”

வெள்ளம் என்று படித்துறையைப் போலீஸ் கயிறு கட்டி மூடி ரொம்ப நாளாகிறது. குழாய் ஜலத்தில் பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ண அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஒரே ஒரு சொம்பு என்று போலீஸ்காரரிடம் கெஞ்சிப் பார்த்து, வெறும் சொம்போடு திரும்பி வந்தவர். அப்படிப்பட்டவர் கொல்லைக் கதவைச் சாத்தப் போனபோது வாளியைத் திறந்து பார்த்திருக்கிறார். ஆடி மாசத்துப் புதுவெள்ளம்! நம்மால் போக முடியவில்லை என்று பெருமாளே நம்மாத்துக்கு வரவழைத்துக்கொண்டார் என்று கண் கலங்கிவிட்டதாம். புதுவெள்ளம் கலங்கலாக வந்தால் அந்த வீட்டில் காலங்காலமாக என்ன செய்வார்களோ அதைச் செய்தார். படிகாரக் கட்டியைக் கயிற்றில் கட்டி, தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றி, மூடி வைத்தார். விடிந்தபோது மண்டி முழுக்க அடியில் தங்கி, மேலே தெளிவு நின்றது.

“காலம்பற நீ கேன்ல ஊத்தி எடுத்துண்டு போகணும்னியே, நானே ஊத்தி வெச்சேன். மண்டி கலந்துடாம, தெளிவை மட்டும் மெதுவா இறுத்தேன்.” அந்தச் சமயத்திலும் அவர் குரலில் வேலையைச் சுத்தமாகச் செய்த திருப்தி கொஞ்சம் இருந்தது.

பாசி மொத்தமும் அந்த மண்டியில் போய்விட்டது. மாலினி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வந்தது வெறும் தண்ணீர்.

காலையில் அதைத்தான் அவள் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. போன வாரம் வாலாட்டிக்கொண்டு ஒன்றிரண்டு திரிந்தது, இந்த வாரம் அதுவும் இல்லை. கேனில் தண்ணீரின் நிறமும் வெளுத்திருந்தது. அப்பாடா, கடல் தெளிந்துவிட்டது, ஆறு இறங்கிவிட்டது என்று எழுந்து நின்று சோம்பல் முறித்தாள். ஒரு சொட்டில் ஒரு பாசிகூட இல்லாத கடல் உலகத்தில் எங்கேயாவது உண்டா? படித்த படிப்பெல்லாம் எங்கே போயிருந்தது? நல்ல சேதி வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு நல்ல சேதி கிடைத்தது, நம்பிவிட்டாள்.

அதோடு விட்டாளா? டோரதி பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். “அக்கா, அம்மா காலைல வந்துருக்காங்க. மட்டி கொண்டாந்துருக்காங்க. வெள்ளம்னு கடலுக்குப் போட்டு போகலையாம், நேத்து தெக்கால கரையில அள்ளுனதாம். நீங்க போன வாரம் பயமுறுத்துனீங்களே, அதான் கேக்குறேன். சாப்பிடலாமா?”

“தாராளமா சாப்பிடு. தண்ணி சுத்தமா இருக்கு” என்றாள் மாலினி. தன் வாயால் சொன்னாள்.

டோரதி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பிப் போயாகிவிட்டது.

“அப்பா, தீர்த்தம் எப்போ எடுத்துண்டேள்?”

“பத்து மணி இருக்கும்.”

“இப்போ ஒண்ணாகப் போறதேப்பா! அப்பவே சொல்றதுக்கென்ன?”

“பெருமாளுக்கு உப்பு ஜலத்தை வார்த்துட்டேனேன்னு வெக்கமா இருந்துதும்மா. யார்கிட்ட போய்ச் சொல்றது? அப்புறம், இது உன் வேலைத் தண்ணியாச்சே, கேட்டுடலாம்னு தோணித்து.”

அவரைக் கோபித்துக்கொள்ள நேரமில்லை, வாயும் வரவில்லை. “ரெண்டு உத்தரணிதானே? உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த மண்டியைக் கொட்டிடலையே? இருக்கா? தொடாதேங்கோ, மூடி வையுங்கோ” என்று சொல்லிவிட்டு டோரதியின் நம்பரை அழுத்தினாள். எதிர் மேஜையில் சார்ஜரில் கிடந்த ஃபோன் அடித்தது.

டோரதியின் புருஷன் நம்பர் அவளிடம் இல்லை. டோரதியின் ஃபோனோ பூட்டிக் கிடந்தது. மாலினி டப்பாவை மூடக்கூட இல்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள்.

சாஸ்திரி ரோடு வரைக்கும் ஒன்றும் இல்லை. மெயின்கார்டு கேட்டை நெருங்க நெருங்க மாட்டிக்கொண்டாள். ஆடித் தள்ளுபடி என்று மலைக்கோட்டைப் பக்கம் ஊரே திரண்டிருந்தது. கட்டைப் பையும் குழந்தையுமாக ஜனங்கள் ரோட்டின் குறுக்கே நடந்தார்கள். ஒரு டவுன் பஸ் திரும்ப முடியாமல் திரும்பி, பின்னால் வந்து, மறுபடி திரும்பிக்கொண்டிருந்தது. மாலினி ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. “என்னா மேடம், ஹெலிகாப்டரா வெச்சிருக்கேன், தூக்கிட்டுப் போக?” என்று முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிக் கத்தினார்.

நின்ற இடத்தில் நிற்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. போய் என்ன சொல்லப்போகிறோம்? மட்டியில் விஷம் இருக்கிறது என்றா? அவளுக்குத் தெரியாது. தண்ணீர் சுத்தம் என்று சொன்னது தப்பு என்று மட்டும்தான் தெரியும். மட்டி நல்லதாகவும் இருக்கலாம். அந்த அம்மாள் விடியற்காலையில் பஸ் ஏறி, மகளுக்கென்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் அடுப்படியில் போய் ஸ்ரீரங்கத்துக்காரி ஒருத்தி நின்று, இதைச் சாப்பிடாதே, கொட்டு என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்?

என்ன நினைப்பாள் என்று மாலினிக்கு நன்றாகவே தெரியும். அந்த வீட்டுக்கு அவள் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள், டோரதி புதிதாகக் குடிவந்தபோது. மீன் குழம்பு வாடையில் மூச்சை அடக்கிக்கொண்டு வாசல் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். டம்ளரில் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. கடைசியில் டோரதி கடைக்கு ஓடி, மூடி திறக்காத கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வாங்கி வந்தாள். “எங்க அக்காவுக்கு சீல் உடைக்காம குடுக்கணும்” என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் அம்மா சவேரியம்மாள் சிரிக்கவில்லை. தொடாத டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்காக இப்போது சும்மா இருக்க முடியுமா? பஸ் நகர்ந்தது. மாலினி இடுக்கில் ஸ்கூட்டரை நுழைத்து, மேலப்புலிவார்டு ரோட்டில் ஏறினாள். மார்க்கெட் லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது. ஒரு வாய் போதும், ரெண்டு வாய் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பெருமாளே, அவள் இன்னும் கை நனைக்கக் கூடாது. டோரதி சாப்பாட்டில் வேகம். ஆய்வுக்கூடத்தில் மாலினி டப்பாவைத் திறப்பதற்குள் அவள் கை கழுவிவிட்டு வந்து நிற்கிறவள்.

பாலக்கரையில் அந்தச் சந்து முனையிலேயே வாடை வந்தது. தேங்காயும் மிளகும் பூண்டும் சேர்ந்து கொதிக்கிற வாடை. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள். கதவு திறந்துதான் கிடந்தது. செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, நேரே அடுப்படிக்குப் போய் நின்றாள்.

சவேரியம்மாள் அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு நின்றாள். டோரதி பக்கத்தில் உள்ளங்கையைக் குழித்து நீட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு அந்தக் கையில் விழுந்தது.

“உப்புப் பாக்காதே!” என்று மாலினி கத்தினாள்.

டோரதி கையை வாய்க்குக் கொண்டுபோன பாதியில் நின்றாள். “அக்கா? என்னக்கா?”

“கையைக் கழுவு. முதல்ல கையைக் கழுவு. சாப்பிட்டியா? ஒரு வாயாவது சாப்பிட்டியா?”

“இல்லக்கா, இன்னும் எறக்கவே இல்ல. நீங்கதானே சாப்பிடலாம்னீங்க?”

“நான் சொன்னது தப்பு. நான் பார்த்த தண்ணி கடல் தண்ணியே இல்லை. எங்க மாமனார் படிகாரம் போட்டுத் தெளிய வெச்சுட்டார். பாசியெல்லாம் அடியில தங்கிடுத்து. நான் வெறும் தண்ணியைப் பார்த்துட்டு உன்கிட்ட சொல்லிட்டேன்.”

சவேரியம்மாள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் டங்கென்று வைத்தாள். “அப்ப இதுல வெசம் இருக்குன்னு சொல்றீங்களா?”

“தெரியலைம்மா. இருக்கலாம்.”

“தெரியலையா? தெரியலன்னு சொல்றதுக்கா இம்புட்டு தூரம் ஓடியாந்தீங்க?” சவேரியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்காத்தா காலத்துலேருந்து நாங்க திங்கிறோம். போட்டு போகாத நாள்ல இதான் எங்களுக்குச் சோறு. ஒங்களுக்கு நாத்தம். பச்சத் தண்ணியே எறங்காது. அதுக்காக எம்புள்ள வாய்க்கிட்ட போனதத் தட்டி விடுவீங்களா?”

“அம்மா, சும்மா இரு” என்றாள் டோரதி. ஆனால் அவளும் கையைக் கழுவவில்லை. உள்ளங்கையில் அந்தச் சொட்டு அப்படியே இருந்தது. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அக்கா. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

மாலினிக்கு அழுகையே வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக் கழுவிவிடலாமா என்று பார்த்தாள். “உங்க மேல சத்தியமா வாடைக்காக வரலைம்மா. நான் தப்பு பண்ணிட்டேன். அந்தத் தப்பு அவ வயித்துக்குள்ள போகக் கூடாது. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோங்க, நான் பார்த்துச் சொல்றேன். நல்லா இருந்தா நானே மறுபடி வாங்கிக் கொடுக்கறேன்.”

“ஆமா, நீங்க வாங்கிக் குடுத்துக் கிழிச்சீங்க” என்று சவேரியம்மாள் திரும்பிக்கொண்டாள். திரும்பினவள் பழக்கத்தில் உப்புச் சாடிக்குள் கையை விட்டு, ஒரு கை உப்பை அள்ளிக் குழம்பில் போட்டாள்.

டோரதி அதைப் பார்த்தாள். “யம்மா, இப்பத்தானே போட்ட? நான் வந்ததுக்கு அப்புறம் இது மூணாவது தடவ.”

“ஒறைக்க மாட்டேங்குது புள்ள. அதானே ஒன்னப் பாத்துச் சொல்லச் சொன்னேன்.” அவள் சலித்துக்கொண்டாள். “காலைலேருந்து நாக்கு தடிச்சுப்போயி மரக்கட்டையாட்டம் கெடக்குது. பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காந்து வந்தது, காத்து பட்டுருச்சு. ஒதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

குழம்பு தளதள என்று கொதித்துக்கொண்டிருந்தது.

டோரதி குழாயைத் திறந்து கையை அழுந்தக் கழுவினாள். கழுவிக்கொண்டே, ரொம்ப மெதுவாகக் கேட்டாள். “யம்மா. இதுக்கு முன்னாடி மட்டி தின்னியா?”

“ஓடு ஓடைக்கிறப்ப ரெண்டு வாயில போடுறதுதானே. ராத்திரி அவிச்சு ஓடு பிரிச்சேன், கொஞ்சம் தின்னேன். விடியக்காலையில கெளம்புறப்ப நாலு தின்னேன். வந்ததுலேருந்து உப்புக்காகக் கொழம்பை நக்கி நக்கிப் பாத்துக்கிட்டே இருக்கேன்.” சொல்லும்போதே அவள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். கை தானாக உதட்டுக்குப் போனது. உதட்டைக் கிள்ளிப் பார்த்தாள். மறுபடி, இன்னும் அழுத்திக் கிள்ளினாள். “தெரியலையே” என்றாள்.

மாலினி அடுப்பை அணைத்தாள். அவளுக்குத் தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்துவிட்டது. “ஓடிப் போய் ஆட்டோ கூப்பிடு டோரதி” என்றாள்.

சந்து முனையில் நவ்ஷாத் என்கிற ஆட்டோக்காரர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். டோரதி கத்தின கத்தலில் அதை அப்படியே மடித்து டேஷ்போர்டில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தார். சவேரியம்மாள் நடந்துதான் வந்தாள். ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கினபோது கால் படியில் படாமல் காற்றில் தடவியது. மாலினி குனிந்து இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்து உள்ளே வைத்தாள்.

“தில்லை நகர்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க. ஐசியூ இருக்கற இடமா பாருங்க.”

“மேடம், மெயின்கார்டு கேட் பக்கம் ஜாம். நான் வேற வழியில பறக்குறேன், கெட்டியா புடிச்சுக்குங்க” என்றார் நவ்ஷாத். எந்தெந்தச் சந்தில் புகுந்தார், எங்கே ஏறினார் என்று மாலினிக்குத் தெரியவில்லை. டோரதி மாலினியின் ஃபோனில் ஊருக்குப் பேசினாள். “டேய், நம்ம வீட்டுல மட்டி இருந்தா கொட்டுடா. ஏன்னு கேக்காத. சாமியார்கிட்ட போயி கோயில் மைக்குல சொல்லச் சொல்லு. யாரும் மட்டி திங்கக் கூடாது. அம்மாவுக்கு… டேய், சொன்னதச் செய்டா!” அப்புறம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சவேரியம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் மாலினியின் கைக்குள் இருந்தன. “கை புடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றாள் மாலினி. “தெரியல. அதான் கேட்டேன்.” கொஞ்சம் போனதும், “மூச்சு முழுசா வர மாட்டேங்குது” என்றாள். கோபமெல்லாம் போய்விட்டது. அவள் குரலில் இப்போது பயம் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். ஃபுட் பாய்சன் என்று எழுதப் போனவரை மாலினி விடவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். வாந்தி பேதி இல்லை டாக்டர், நரம்பைப் பிடிக்கிற விஷம், மாற்று மருந்து கிடையாது, மூச்சு மட்டும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் விஷம் தானாக இறங்கிவிடும். எப்படி உங்களுக்கு இவ்வளவு நிச்சயம் என்று அவர் கேட்டார். மாலினி வாயைத் திறந்தாள். கையில் ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. “நிச்சயம்னு காலைல ஒரு தடவை சொல்லித்தான் தப்பாப் போச்சு. இதுல தப்பு இல்லை, அவங்க நாக்கைப் பாருங்க” என்றாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதினதை அடித்தார். சவேரியம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். மூச்சுக்கு மெஷின் வைத்துவிட்டோம், காத்திருங்கள் என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னாள்.

அரை மணி கழித்து ஸ்ரீனிவாசராகவன் வந்தார். நெற்றியில் திருமண் அழியவில்லை. சட்டையைத் தப்பாகப் பட்டன் போட்டிருந்தார். ஒரு கையில் அந்தப் பெயிண்ட் வாளி. மாலினி ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும், அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறார். வாளியைத் தரையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றார். “மண்டி பூரா இதுல இருக்கும்மா. ஒரு சொட்டு சிந்தலை” என்றார். அப்புறம் டோரதியின் எதிரில் போய், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், “உங்க அம்மாவுக்கு நான்தான் வெனை வெச்சேன். மன்னிச்சுடும்மா” என்றார். டோரதிக்கு அவர் சொன்னது பாதிதான் புரிந்தது. இருந்தாலும் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டாள்.

“நீங்க ஒண்ணும் பண்ணலைப்பா. அவங்க நேத்திக்கே சாப்பிட்டிருக்கா” என்றாள் மாலினி. “இவ சாப்பிடாம இருக்கறதே நீங்க ஃபோன் பண்ணினதாலதான்.” அவர் தலையை ஆட்டினார். நம்பினதாகத் தெரியவில்லை.

அந்த மண்டியில் ஒரு துளியைச் சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். படிகாரத்தில் ஒட்டிக்கொண்டு, வால் போய், குவியல் குவியலாகக் கிடந்தன. எண்ண முடியவில்லை. எண்ணவும் அவளுக்கு மனசில்லை. ஊரிலிருந்து டோரதியின் தம்பி பேசினான். மைக்கில் சொன்னபோது நாலைந்து வீட்டில் மட்டி அடுப்பில் இருந்ததாம். எல்லாவற்றையும் கொட்டி மண்ணைப் போட்டு மூடியாயிற்று, இரண்டு பேருக்கு உதடு மரத்ததாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், பயமில்லை என்றான்.

மறுநாள் காலை மெஷினை எடுத்தார்கள். தானாக மூச்சு விடுகிறாள், கை கால் அசைகிறது, இன்னும் உணர்ச்சி முழுசாகத் திரும்பியதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கஞ்சி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கேன்டீனிலிருந்து எவர்சில்வர் கிண்ணத்தில் அரிசிக் கஞ்சி வந்தது.

டோரதி அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் ஊட்டினாள். சவேரியம்மாள் வாய்க்குள் வைத்துக் கொஞ்ச நேரம் அளைந்தாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீனிவாசராகவன் கதவருகே கை கூப்பினபடி நின்றிருந்தார்.

“உப்பே இல்ல” என்றாள் சவேரியம்மாள்.

டோரதி ஸ்பூனும் கையுமாக முன்னால் குனிந்தாள். “யம்மா, நல்லாப் பாத்துச் சொல்லு. உப்பு தெரியலையா?”

“இல்லங்குறேன்ல. சப்புன்னு கெடக்கு.”

“உப்பு போட்டுத்தான் வரும், எப்பவும்” என்றாள் நர்ஸ். சொன்னவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

மாலினி டோரதியின் கையிலிருந்து ஸ்பூனைப் பிடுங்கினாள். கிண்ணத்தில் விட்டு, மொண்டு, தன் வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் புரட்டிப் பார்த்தாள். கஞ்சி சப்பென்று இருந்தது. ஒருவேளை பயத்தில் என் நாக்குதான் கெட்டுப்போயிற்றோ என்று இன்னொரு ஸ்பூன் மொண்டு வாயில் விட்டாள்.

“இல்லை” என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “சத்தியமா உப்பு இல்லை டோரதி. போடவே இல்லை.”

சவேரியம்மாள் தன் வாயிலிருந்து வந்த ஸ்பூன் மாலினியின் கையில் இருப்பதையும், அது அவள் வாய்க்குப் போய் வந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தடித்த நாக்கோடு மெல்லச் சொன்னாள்.

“அப்பறம் என்னத்துக்கு அழுதுகிட்டு நிக்கிறீங்க? போயி ஒரு சிட்டிக உப்பு கேட்டு வாங்கியாங்க.”

கதவருகே நின்ற ஸ்ரீனிவாசராகவன் அதற்குள் கேன்டீன் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.